வீட்டுப் பூனையின் முதுமையும் நமது கடமையும்

 



நமது வீடுகளில் பூனை வளர்ப்பது புதிய வழக்கமன்று. எலித் தொல்லைக்காக ஒரு வீட்டிற்கு வருகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டதற்காக மற்றொரு வீட்டிற்கு வருகிறது. குட்டியாக இருக்கும்போது அது எல்லோருக்கும் செல்லம். ஆனால் 12, 13 ஆண்டுகள் கடந்தபின் அதன் நிலை என்ன? கண் மங்குகிறது, காது மந்தமாகிறது, பற்கள் விழுகின்றன. எலி குறுக்கே ஓடினாலும் அது எழுந்திருப்பதில்லை. சில வேளைகளில் பாயிலும் விரிப்பிலும் சிறுநீர் கழித்துவிடுகிறது. அப்போதுதான் வீட்டில் பேச்சு எழுகிறது: "இதைக் கொண்டுபோய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டால் என்ன?" பிறகு ஓர் இரவில் சாக்குப் பையில் போட்டுத் தூக்கிச் செல்லப்படுகிறது. இது சரிதானா, மார்க்கம் இதை அனுமதிக்கிறதா என்பதை இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, அதற்கு உணவும் கொடுக்காமல், பூமியிலுள்ள சிறு உயிர்களைப் பிடித்துத் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் காரணமாக நரகம் சென்ற செய்தியை நாம் அனைவரும் அறிவோம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸையே தமக்கு ஆதாரமாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். "அவிழ்த்துவிடாததைத்தானே நபியவர்கள் கண்டித்தார்கள்? நாங்கள்தான் அவிழ்த்துவிட்டோமே!" என்று கேட்கிறார்கள்.

அன்பர்களே! ஹதீஸின் கருத்தை ஊன்றிக் கவனியுங்கள். அவிழ்த்துவிடுவது எதற்காக? அது தானே இரை தேடி உயிர் பிழைப்பதற்காக. ஓடவும் பாயவும் வலிமையுள்ள பூனைக்கு அது விடுதலை. பல் போய், கால் மூட்டு வீங்கி, பிறந்தது முதல் நம் கையால் உண்டு பழகிய கிழப் பூனையை மார்க்கெட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் பூனைகளும் நாய்களும் அதை அண்டவிடுமா? அந்தப் பெண்ணின் பூனையைக் கயிறு கட்டியது; நமது பூனையை முதுமை கட்டியிருக்கிறது. முடிவு இரண்டிலும் பட்டினிதான். நம் நாட்டின் சட்டமும் இதைக் குற்றமாகவே பார்க்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

நமது இமாம்கள் இதைத் தெளிவாகவே சொல்லிச் சென்றுள்ளனர். ஹிஜ்ரி 660 இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், 'கவாஇதுல் அஹ்காம்' எனும் நூலில், மனிதன் மீது கால்நடைகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். அவற்றுக்குரிய உணவைக் கொடுப்பது முதல் உரிமை. அவை முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலையை அடைந்துவிட்டாலும் அந்த உரிமை நீங்குவதில்லை என்பது அவர்கள் கூறியதன் கருத்து. வளர்ப்புப் பிராணிக்கு உணவளிக்க மறுப்பவரைக் காழீ கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் காழீயின் கட்டாயம் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பினும், அல்லாஹ்விடத்தில் அது அவர் மீது கடமையே என்பதில் ஐயமில்லை. ஆக, நஃபகா என்பது எலி பிடித்ததற்கான கூலி அன்று. நம் பொறுப்பில் ஓர் உயிரை எடுத்துக்கொண்டதன் கடமை.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரை ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா அவர்கள் வியப்புடன் பார்த்தபோது, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது இடம்பெற்றுள்ளது. 'சுற்றி வருபவர்' என்னும் இதே சொல்லைத்தான், வீட்டிலுள்ள பணியாளர்களையும் சிறு பிள்ளைகளையும் பற்றிக் கூறும்போது அந்நூர் அத்தியாயத்தின் 58 ஆவது வசனம் பயன்படுத்துகிறது. இத்தனை ஆண்டுகள் நம் வீட்டைச் சுற்றி வந்த ஒன்று, இனிச் சுற்றி வர முடியாமல் ஒரு மூலையில் படுத்துவிட்டால் அந்நியமாகிவிடுமா?

பெரியோர்களே, தாய்மார்களே! கடமை என்று சொன்னால் மட்டும் போதாது. அதைச் செய்யும் முறையும் தெரிய வேண்டும். 15 வயதுப் பூனை, 70 வயதைக் கடந்த முதியவருக்குச் சமம் என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. அது அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது, அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால் அது குறும்பு அன்று. பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறின் அடையாளம். அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைராய்டு சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். சோற்றின் அருகில் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால் பல்வலியாக இருக்கலாம். முள் நீக்கிய மீனை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். நகம் வளைந்து பாதத்தில் குத்தாமல் பார்த்து வெட்டிவிடுங்கள். மூட்டு வலியுள்ள பூனைக்கு உயரமான இடம் வேண்டாம். படுக்கையும் மணல் தட்டும் தரையிலேயே, எளிதில் ஏறி இறங்கும்படி இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். இரக்கப்பட்டுக் கூட அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மேல் உண்ணாமல் இருந்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன.

"தொழும் இடமெல்லாம் நஜீஸாகிறதே" என்ற கவலை நியாயமானதே. பூனையின் எச்சில் சுத்தமானது. ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவிவிட்டால் தூய்மையாகிவிடும். அதைச் சுத்தம் செய்பவரின் கையில் பட்டால் கையைக் கழுவினால் போதும். அதனால் உளூ முறியாது. முஸல்லாவைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள். தொழும் அறையின் கதவைச் சாத்தி வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் நம் தாய்மார்கள் தொழுகையையும் விடுவதில்லை, குழந்தையையும் விடுவதில்லை. இங்கும் அந்தப் பக்குவமே போதும்.

தீராத வேதனையில் துடிக்கும் பிராணியை மருத்துவர் மூலம் வலியின்றி முடித்துவிடலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த நிலை வந்தால் மருத்துவரின் சொல்லைக் கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர் ஆலிமை அணுகுங்கள். ஆனால் நமது சிரமம் தீர வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை முடிக்க எவருக்கும் உரிமையில்லை. அது இறந்துவிட்டால் குப்பையில் எறியாமல், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

சகோதரர்களே! தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான். ஈரமுள்ள ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தி. அந்த மனிதர் செய்தது ஒரு நாளின் ஒரு செயல். பார்வை மங்கிய பூனைக்கு விடியற்காலையிலும் இரவிலும் உணவு வைத்து, அதன் இடத்தைத் துடைத்து, மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டுப் பெண்மணியின் ஏட்டில் எத்தனை நன்மைகள் பதியப்படும் என்று எண்ணிப் பாருங்கள்! நம் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பயன் தீர்ந்ததை வெளியேற்றும் வீட்டில் வளரும் பிள்ளை ஒரு பாடம் கற்கிறது. தளர்ந்ததைத் தாங்கும் வீட்டில் வளரும் பிள்ளை வேறொரு பாடம் கற்கிறது.

எனவே, நம்மை நம்பி நம் வாசலில் முதுமையடைந்த வாயில்லா ஜீவன்களை, அவற்றின் ரிஸ்க் முடியும்வரை அமானிதமாகப் பேணுவோம். அவற்றின் ரிஸ்கைக் கொடுப்பவன் அல்லாஹ். அது போய்ச் சேரும் வழியாக நம் கைகளை அவன் ஆக்கியிருப்பது நமக்குக் கிடைத்த பேறு. பலவீனமானவற்றின் மீது இரக்கம் காட்டி, அதன் பொருட்டால் அவனது இரக்கத்தைப் பெறும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.