ஒரு மலரும் ஒரு வினாவும்



சேலத்திலிருந்து ஏற்காடு செல்வோர் மலையேறத் தொடங்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் அடிவாரம் என்றே சொல்வோம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேர்வராயன் மலைமேல் ஏற்காடு வந்துவிடும். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் 1963-இல் அங்கு ஓர் ஆர்க்கிடு தோட்டத்தை அமைத்தது. 1991-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரை அத்தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். நடந்து ஏறலாம் என்றனர் சிலர், பேருந்திலேயே சென்றோம்.

ஆர்க்கிடு மலரை உற்று நோக்கியிருக்கிறீர்களா? வெளிப்புறத்தில் மூன்று இதழ்கள், உட்புறத்தில் மூன்று. உள்ளிருக்கும் மூன்றில் இரண்டு ஒன்றுபோல் இருக்கும். மூன்றாவது மட்டும் உருவிலும் நிறத்திலும் தனித்து நிற்கும். அதனை உதடு என்பர் தாவர நூலார். ஒரு மாணவன் அதைச் சுட்டி, “எல்லா இதழும் ஒரே செடியில் தோன்றியவைதாமே ஐயா, இது மட்டும் எப்படி மாறிற்று?” என்றான். பூச்சி வந்து அமர்வதற்காக என்றேன். “அது எதற்காக என்பதற்கு விடை. எப்படி என்றல்லவா கேட்டேன்?” என்றான். மிகையாகப் பேசாதே, வரிசையில் நட என்று அவனை அடக்கிவிட்டேன். எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை.

அவ்வினாவின் அடிப்படை 1961-லேயே விளங்கியிருந்தது. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் ஜேக்கப், மோனோ என்னும் இருவர் நம் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரை ஆராய்ந்தனர். பால் சர்க்கரையைச் சிதைக்கும் நொதியை உண்டாக்க அந்நுண்ணுயிரிடம் மரபணுக்கள் உள. ஆயினும் பால் சர்க்கரை இல்லாதபோது ஒரு புரதம் அம்மரபணுக்களின் வாயிலில் அமர்ந்து வழியை அடைத்துக் கொள்கிறது. பால் சர்க்கரை உள்ளே வந்ததும், அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அப்புரதத்தைப் பற்றி அங்கிருந்து அகற்றுகிறது. மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. விளக்கின் விசையைப் போன்ற ஏற்பாடு இது. 1965-இல் லுவோஃப் என்பாருடன் இவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

செடியிலும் நம் உடலிலும் விசைகள் மிகப் பல. அவை ஒன்றோடொன்று பின்னியும் கிடக்கின்றன. ஆனால் கொள்கை அதுவே. மாணவன் ஒவ்வொருவன் பையிலும் எல்லாப் பாடநூல்களும் இருக்கின்றன. கணக்கு வகுப்பில் கணக்கு நூலைத்தானே திறக்கிறான்! அதுபோல், வேரின் உயிரணுவிலும் இதழின் உயிரணுவிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. எந்த ஏடு திறக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

இனி உதட்டுக்கு வருவோம். 2015-இல் தைவான் நாட்டு அறிஞர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆர்க்கிடு மொட்டில் இருவகைப் புரதக் கூட்டங்கள் போட்டியிடுகின்றன. ஒரு கூட்டம் ஓங்கும் இடத்தில் சாதாரண இதழ், மற்றது ஓங்கும் இடத்தில் உதடு என்பது அவர்கள் கண்ட முடிபு. உதட்டுக்குரிய கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவை வைரஸ் ஒன்றின் துணையால் அடக்கிப் பார்த்தனர். உதடு தோன்றவேண்டிய இடத்தில் ஏனைய இதழ்களை ஒத்த ஓர் இதழ் விரிந்தது! கவனியுங்கள்: அம்மரபணுவை அவர்கள் பிடுங்கி எறியவில்லை. அது செடியிலேயே இருந்தது; அதன் செய்தி மட்டும் வெளிவராமல் தடுக்கப்பட்டது.

இச்செய்தியைப் படித்தபோது நான் ஓய்வு பெறும் காலத்தை நெருங்கியிருந்தேன். அன்று அடக்கப்பட்ட மாணவன் நினைவே முதலில் வந்தது. அவன் அத்துடன் விட்டிருக்க மாட்டான், “அந்த விசையைப் போடுவது யார், ஐயா?” என்று கேட்டிருப்பான். வேறு மரபணுக்கள் ஆக்கிய புரதங்கள் என்பேன். “அவற்றின் விசையை?” என்பான். அவற்றுக்கு முந்தியவை, இப்படியே பின்னோக்கிச் சென்றால், கருவுற்ற முட்டையணுவில் தாய்ச்செடி வைத்துவிட்டுப் போன பொருள்கள்வரை போகலாம்.

அவர் இப்பொழுது ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருப்பார். இவ்வுரையை எங்கிருந்தேனும் கேட்பாராயின், அன்று ஆர்க்கிடு தோட்டத்தில் கேட்டதற்கு விடை இதுவே.