நிலம் காத்த எழுத்து
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

திருச்சிராப்பள்ளியில், வயலூர் சாலைக்கு அருகே, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழைக்கொல்லை உண்டு. மூன்று புறமும் மாடி வீடுகள். நான்காம் புறம் திருமண மண்டபம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் கால்வாய் நகருக்குள் வரும் வழியில் முன்னர் நெல்லும் வாழையும் செழித்திருந்தன. 1994இல் திருவரங்கமும் பொன்மலையும் இணைந்து மாநகராட்சி அமைந்தது. நகரம் வளர வளர வயல்கள் மனைகளாயின. இக்கொல்லை மட்டும் எவ்வாறு தப்பியது என்று பலர் வினவுகின்றனர். அதைக் கூறவே இம்மேடைக்கு வந்தோம்.

இந்நிலம் எளிதில் வந்ததன்று. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர், நம் மக்களின் நிலமற்ற நிலையை 1891இல் சென்னை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதனையடுத்து 1892ஆம் ஆண்டின் ஆணைப்படி தரிசு நிலங்கள் நம்மவர்க்கு வழங்கப்பட்டன. பத்தாண்டுகள் எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பினர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் எனப்படுவது இதுவே. கல்லும் முள்ளுமாய்க் கிடந்த மேட்டை எங்கள் பாட்டனாரின் தந்தையார் வெட்டித் திருத்திக் கிணறு தோண்டினார். கால்வாயில் நீர் ஓடும் மாதங்களில் அக்கிணறு இன்றும் ஊறுகிறது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் வந்தார். கடன் பெற்றுத் தருவதாகக் கூறி, முத்திரைத்தாளில் எங்கள் பாட்டியாரின் கைநாட்டைக் கேட்டார். மைப்பெட்டியையும் திறந்துவிட்டார். இச்சங்கத்தின் இரவுப் பள்ளியில் பயின்று ஒன்பதாம் வகுப்பை எட்டியிருந்த எங்கள் தங்கை, “பொறுங்கள் அப்பாயி, படித்துப் பார்க்கிறேன்” என்றாள். அது கடன் பத்திரமன்று. நிலத்தை விற்கும் உரிமையைத் தரகருக்கே அளிக்கும் பொது அதிகாரப் பத்திரம்! பாட்டியார் விரலை மடக்கிக்கொண்டார்.

பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து, பழைய அ-பதிவேட்டின் நகலைப் பெற்றோம். நிபந்தனை நிலம் என்னும் குறிப்பு அதில் தெளிவாயிருந்தது. இந்நிபந்தனை செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. நகலைக் கண்ட தரகர் மீண்டும் வரவில்லை.

எங்களை அடுத்திருந்த மூன்று குடும்பத்தார் அதே போன்ற தாளில் கைநாட்டு வைத்தனர். தம் நிலத்தில் எழுந்த கட்டடத்துக்கே அவர்கள் செங்கல் சுமந்தனர். அவர்களைப் பழிப்பது தகாது. அத்தாளைப் படித்துக் காட்ட அவர்கள் வீட்டில் ஒருவர் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

எங்களுக்கும் இடர் தீர்ந்துவிடவில்லை. சுற்றிலும் மனைகளை மேடாக்கியதால் மழைநீர் வடியும் வழி அடைபட்டது. நீர் தேங்கினால் வாழையின் வேர் அழுகும். ஆதலால் ஆண்டுதோறும் வடிகால் வெட்டுகிறோம். பூவனும் ரஸ்தாளியும் காந்தி மார்க்கெட்டுக்குச் செல்கின்றன; இலைக்கட்டு திருவரங்கத்துக்குச் செல்கிறது. வருவாய் பெரிதன்று. எனினும், அவ்வருவாயில்தான் அத்தங்கை செவிலியர் படிப்பை முடித்தாள். கல்வி நிலத்தைக் காத்தது. நிலம் கல்வியைக் காத்தது.

பெரியோர்களே! பெட்டியின் அடியில் கிடக்கும் பத்திரத்தையும் பட்டாவையும் இன்றிரவே எடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடம் முதலில் கொடுங்கள். விளங்காத சொல் இருப்பின் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்து அறியாத தாளில் நம் விரல் இனிப் படியலாகாது.

வளர்க நம் சங்கம்!