துணைக் கேள்விக்கு இடமுண்டா?



தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிடும் என்பது கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அதனால் எடுத்துக்கொண்ட பொருளின் ஒரு சிறு மூலையில் மட்டும் நிற்கிறேன். வெளியுறவையும் எல்லைப் பாதுகாப்பையும் பற்றி நாடாளுமன்றம் அரசை எப்படிக் கேட்கிறது என்றதும் நாள்கணக்கில் நடந்த விவாதங்களும் வெளிநடப்புகளும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அவற்றைவிடச் சின்ன விஷயம்: துணைக் கேள்வி.

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும், கதை அத்தோடு முடியும். யாருடைய கேள்வி மேலே வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை. அந்த 20இலும் ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து கேள்விகளைக் கடப்பதே அபூர்வம். இத்தனையும் தாண்டி வெளியுறவு பற்றிய ஒரு கேள்வி அவையில் அழைக்கப்பட்டாலும் முதல் பதில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அதை எழுதியவர் ஓர் அதிகாரி, சரிபார்த்தவர் இன்னோர் அதிகாரி. அதற்குப் பிறகு உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்விக்குத்தான் அச்சிட்ட பதில் கிடையாது. அமைச்சருக்கு விஷயம் தெரியுமா, தெரிந்தும் மறைக்கிறாரா, தெரியாமல் தடுமாறுகிறாரா என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

இந்த உரிமை கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்க அனுமதித்தது. துணைக் கேள்விக்கு அதில் இடமில்லை. 1909இல், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றானது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் குறுக்கே எழுந்து கேட்க முடிந்தது. அந்தக் கதவின் வழியாகப் புகுந்து பேர் வாங்கியவர் நம் திருமயம் சத்தியமூர்த்தி. 1930களின் பிற்பாதியில் மத்தியச் சட்டசபையில் அவர் துணைக் கேள்விகள் எழுப்பிய விதத்தைப் பழைய காங்கிரஸ்காரர்கள் கடைசிவரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆனால் அவர் கைக்கும் எட்டாத ஒரு பகுதி இருந்தது. மாட்சிமை தங்கிய மன்னர் அரசுக்கும் அந்நிய நாடுகளுக்கும் உள்ள உறவைத் தொடும் கேள்வி எதுவும் கூடாது என்று அன்றைய சட்டசபை விதியே தடுத்தது. சுதேச மன்னர்களைப் பற்றியும் கேட்கக் கூடாது. உப்பைப் பற்றிக் கேட்கலாம், ரயில் கட்டணத்தைப் பற்றிக் கேட்கலாம். எந்த நாட்டோடு என்ன பேசினீர்கள் என்று கேட்க முடியாது.

1947க்குப் பிறகு அந்தத் தடை போனது. ஆனால் அதன் வாசனை போகவில்லை என்பது என் எண்ணம். நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வி ஏற்கப்படாது, ரகசியத் தன்மையுள்ள தகவலைக் கேட்கக் கூடாது, அனுமானமான நிலைமையைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது என்று இன்றைய மக்களவை விதிகளும் வேலி கட்டுகின்றன. இவற்றில் சில நியாயமானவைதான். எல்லையில் எந்தக் காவல்சாவடியில் எத்தனை பேர் என்பதை அவையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், எது ரகசியம் என்பதை முதலில் தீர்மானிப்பது பதில் சொல்ல வேண்டியவரே.

நம் நாட்டில் கேள்வி கேட்கும் உரிமை ஏன் இவ்வளவு பெரிதாகிறது? அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வர செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடன்படிக்கையை அவை கூடும் 21 நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இங்கே ஒப்பந்தம் செய்வது ஒன்றியப் பட்டியலின் 14ஆம் இனம். அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் இன்றுவரை ஒரு சட்டம்கூட இயற்றவில்லை. நிர்வாகம் கையெழுத்துப் போடுகிறது. அவைக்குச் செய்தி வருகிறது. நாட்டின் நிலப்பரப்பை விட்டுக்கொடுப்பதென்றால் மட்டும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொள்ள 2015இல் 100ஆவது திருத்தம் வந்தது அதனால்தான். மற்றபடி உறுப்பினரின் கையில் இருப்பது கேள்வி ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு: 1950 நவம்பர் 20. சீனப் படை திபெத்துக்குள் நுழைந்திருந்த நேரம். சீன வரைபடங்களைப் பற்றி அவையில் எழுந்த கேள்விக்கு நேரு பதில் சொல்கிறார். கிழக்கே மக்மகான் கோடுதான் எல்லை, வரைபடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் எல்லை என்று அழுத்தமாகச் சொன்னதை எல்லாப் புத்தகங்களும் எடுத்துப் போடுகின்றன. அதே பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. லடாக்கிலிருந்து நேபாளம் வரையுள்ள எல்லை பெரும்பாலும் நீண்ட கால வழக்கத்தாலும் நடைமுறையாலும் வரையறுக்கப்பட்டது என்கிறார். கிழக்குக்கு ஒரு கோடு, மேற்குக்கு ஒரு வழக்கம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் லடாக்கில் நம் காவல் எதுவரை போகிறது என்று தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று இன்று உட்கார்ந்து சொல்வது எளிது. எளிது என்பதற்காகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த மேற்கில்தான் சாலை முளைத்தது.

அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டு முடித்துவிட்டதாகச் சீனா 1957இல் அறிவித்தது. இந்தியா கண்டனக் குறிப்பு அனுப்பியது 1958 அக்டோபர் 18. நாடாளுமன்றத்துக்கு அது தெரிந்தது 1959 ஆகஸ்ட் 28. இடைப்பட்ட பத்து மாதம் அரசு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தது. ஆகஸ்ட் 25இல் கிழக்கு எல்லையில் லோங்ஜுவில் துப்பாக்கி வெடித்து, அவையில் கொந்தளிப்பு எழுந்த பிறகே சாலைச் செய்தியும் வெளியே வந்தது. உறுப்பினர்களின் நெருக்குதலுக்குப் பணிந்து, செப்டம்பர் 7 அன்று இரு நாட்டுக் கடிதங்களையும் குறிப்புகளையும் வெள்ளை அறிக்கையாக நேரு அவையில் வைத்தார். அதன் பிறகு அது ஒரு வரிசையாகவே வளர்ந்தது. புல்கூட முளைக்காத இடம் என்று நேரு சொன்னதற்கு மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைக் காட்டிப் பதிலடி கொடுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிரிப்பில் வெள்ளை அறிக்கை மறந்துபோகிறது. நம் நாடாளுமன்றம் வெளியுறவில் பெற்ற மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அந்தத் தொகுப்பு என்பேன்.

வெற்றிக்கு விலையும் இருந்தது. கடிதங்கள் வெளியானதால் பேச்சுவார்த்தைக்கு இடம் குறுகிவிட்டது, 1960 ஏப்ரலில் சூ என்லாய் தில்லி வந்தபோது நேருவால் ஓரடிகூட விட்டுக்கொடுக்க முடியாமல் போனது என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவையை அந்த இடத்துக்குத் தள்ளியது கேள்வியல்ல, பத்து மாத மௌனம். சிறுகச் சிறுகச் சொல்லியிருந்தால் சிறுகச் சிறுகக் கோபித்திருப்பார்கள்.

1962இல் போர் மூண்டதும் கூட்டத்தொடரை முன்கூட்டியே கூட்டி, நவம்பர் 8 முதல் 14 வரை மக்களவையில் வெளிப்படையாக விவாதித்தார்கள். ரகசியக் கூட்டமாக நடத்தலாமே என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. போர் முடியுமுன்பே அரசைத் திட்டவும் அவையில் இடம் இருந்தது. 1963 ஆகஸ்டில் கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்தவை 62 வாக்குகளே, எதிராக 347. அதன் கணக்கு எண்ணிக்கையில் இல்லை. மறுபுறம், தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை அரசு இன்றுவரை அவையில் வைக்கவில்லை. 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவாண் அதன் சாரத்தைப் பற்றி ஓர் அறிவிப்புச் செய்தார். 2010இல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும், அதன் உள்ளடக்கம் மிக நுண்ணியது, இன்றைய ராணுவ நடவடிக்கைக்கும் பொருந்துவது என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி எழுத்தில் பதில் சொன்னார். எழுத்தில் என்பதைக் கவனியுங்கள். 48 ஆண்டுப் பழைய தோல்வி இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்று எழுந்து கேட்க அங்கே வழியில்லை.

இனி நம் கரைக்கு வருகிறேன். கச்சத்தீவு 285 ஏக்கர். அதை இலங்கையின் பக்கம் விட்ட ஒப்பந்தத்தில் 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அவையில் அறிக்கை வைத்தார். மை காய்ந்த பிறகு அவைக்கு அழைப்பு. இரா. செழியனும், இராமநாதபுரத்தின் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் எழுந்து எதிர்த்தார்கள், வாஜ்பாயும் எதிர்த்தார். அரசின் வாதம், இது நிலத்தை விட்டுக்கொடுப்பது அல்ல, தகராறுள்ள எல்லையைத் தீர்த்துக்கொள்வது என்பது. அதனால் பெருபாரியில் வந்த அரசியல் சட்டத் திருத்தம் இங்கே தேவைப்படவில்லை. இந்த வாதத்தைப் பற்றி இங்கே கட்டுரைகள் வருகின்றன. நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றில் இரு தரப்பும் இதுவரை அனுபவித்த உரிமைகள் வருங்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்று அமைச்சர் அன்று அவையில் உறுதி சொன்னார். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கூடவே கடிதப் பரிமாற்றம். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன் பிடிக்கக் கூடாது என்றானது. 20 மாதத்துக்கு முன் அவையில் சொன்னது என்னவாயிற்று என்று உரக்கக் கேட்க அப்போது ஆளில்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்தது, பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள், தமிழகத்தின் தி.மு.க. அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. கச்சத்தீவைப் பற்றி மேடைகளில் 1974ஐப் பேசிப் பேசி மாய்ந்துபோகிறோம். இராமேசுவரத்து மீனவனின் வலையை அறுத்தது 1976.

அவையில் அமைச்சர் சொல்லும் உறுதிமொழிகளைப் பின்தொடர 1953இலிருந்தே மக்களவையில் உறுதிமொழிக் குழு ஒன்று உண்டு. 'பரிசீலனையில் உள்ளது', 'விசாரித்துச் சொல்கிறேன்' போன்ற சொற்றொடர்களைப் பட்டியல் போட்டு, இவற்றைச் சொன்னால் உறுதிமொழி என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இந்தப் பட்டியலில் சிக்காமல் எழுதுவதே ஒரு கலையாகிவிட்டது. மீனவர் கைதைப் பற்றி எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், இலங்கை அரசிடம் உயர்மட்டத்தில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது என்று வரும் பதிலை நீங்களே மனப்பாடமாகச் சொல்வீர்கள். எழுப்பியதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள்? அது துணைக் கேள்வி.

துணைக் கேள்வியே இல்லாத அவை எப்படி இருக்கும் என்பதை 2020 செப்டம்பரில் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டு, எழுத்து வடிவப் பதில்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கல்வானில் 20 வீரர்கள் உயிரிழந்து மூன்று மாதம். செப்டம்பர் 15 அன்று மக்களவையில் பாதுகாப்பு அமைச்சர் லடாக் நிலவரம் பற்றி அறிக்கை படித்தார். விவாதம் இல்லை என்றதும் காங்கிரஸ் வெளியேறியது. மறுநாள் மாநிலங்களவையில் உள்துறை இணையமைச்சரின் எழுத்துப் பதில்: கடந்த ஆறு மாதத்தில் இந்திய சீன எல்லையில் ஊடுருவல் எதுவும் பதிவாகவில்லை. அரசின் அகராதியில் ஊடுருவல் என்பது பயங்கரவாதி நுழைவது. படை நுழைந்தால் அதற்கு அத்துமீறல் என்று வேறு பெயர். அந்தப் பதில் பொய்யல்ல. அப்படியானால் அத்துமீறல் எத்தனை என்று ஒரே ஒரு வரி அவையில் ஒலித்திருந்தால் போதும்.

பெரிய விவாதங்கள் துணைக் கேள்விக்கு ஈடாகா. 2025 ஜூலை இறுதியில் ஆபரேஷன் சிந்தூர் பற்றி மக்களவை இரண்டு நாள் விவாதித்தது. நல்ல பேச்சுகளும் இருந்தன. ஆனால் விவாதத்தில் 50 கேள்வி விழுந்தால் எந்த ஐந்துக்குப் பதில் சொல்வது என்பதை அமைச்சர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். நிலைக்குழு கொஞ்சம் மேல். 1993இல் வந்த துறைவாரி நிலைக்குழுக்களில் வெளியுறவுக்கும் ஒன்று. 31 உறுப்பினர்கள், மூடிய கதவு, கட்சி மறந்த பேச்சு. டோக்லாம் பற்றி 2018இல் சசி தரூர் தலைமையில் அது கொடுத்த அறிக்கையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். வெளியுறவுச் செயலாளர் அங்கே வந்து பதில் சொல்கிறார். அமைச்சர் வருவதில்லை; அழைக்கும் வழக்கமும் இல்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடாளுமன்ற மின்னூலகத்தில் பழைய அவைக்குறிப்புகள் கிடைக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் அமைச்சரின் பதிலைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டிவிட்டு மூடிவிடுகிறோம். அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். யார் எழுந்தார், அவைத்தலைவர் யாரை உட்காரச் சொன்னார், எந்தக் கேள்விக்கு 'முன்னறிவிப்பு வேண்டும்' என்று அமைச்சர் நழுவினார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளில் இரண்டு அப்படி எழுதப்பட்டவை என்பதைச் சுருக்கங்களைப் பார்த்தபோதே கண்டுகொண்டேன், அவற்றுக்காகவே காத்திருக்கிறேன்.

மணி பதினொன்றாகப் போகிறது. கட்டுரை வாசிக்க 15 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். வாசிப்பவர் நேரம் தாண்டினால் மணி அடிப்பேன். கேட்பவர் எழுந்து, பதிலுக்குப் பிறகு இன்னொன்று கேட்டால் அடிக்கமாட்டேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.