அம்மாமாரின் கைகளும் நூறு சதுரங்களும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1996 ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பின் சார்பில், வைத்தியராகக் கடமையாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மேடையின் இடப்பக்கம் தொங்கும் போர்வையைக் காலையிலிருந்து பலரும் தொட்டுப் பார்க்கிறீர்கள். "யார் தைத்தது?" என்று கேட்கிறீர்கள். ஒரு வரியில் விடை சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம்.

நூற்றாண்டுக்கு எங்கள் வகுப்பு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பழந்துணி கொண்டுவந்து நூறு சதுரங்களை இணைத்து ஒரு போர்வை செய்வோம் என்று தீர்மானித்தோம். சதுரம் ஒன்று எட்டு அங்குலம். பத்துக்குப் பத்து. துணிகள் வந்து சேர்ந்தன. மஞ்சளேறிய வெள்ளைச் சீருடை, அப்பாவின் காக்கிக் காற்சட்டை, கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் மிஞ்சிய வெட்டுத்துண்டு, அம்மாமாரின் சேலைகள். ஒரு தோழி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன பெரியம்மா விட்டுச்சென்ற சேலையை வெட்ட மனமில்லாமல் முழுதாகக் கொண்டுவந்தாள். 1964 இல் இரு நாட்டுத் தலைவர்களும் 5,25,000 பேரை அங்கே, 3,00,000 பேரை இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையில் ஒருத்தியின் சேலை அது. முந்தானையிலிருந்து ஒரேயொரு சதுரம் வெட்டினோம். இடமிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறது.

நடுவில் வைக்க ஒரு கனத்த துணி வேண்டும். கடைப் பஞ்சு வேண்டாம், பழைய கம்பளிகளை ஒட்டி வைப்போம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். காரணம் இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. தோட்டம் கொடுத்த கம்பளியின் விலையைச் செக்ரோலில் கழித்துக்கொள்வார்கள். பகலில் அம்மாவின் தலையில் கூடைக்கயிற்றுக்கு அடியில் மடிப்பாக இருந்தது, இரவில் பிள்ளைகள் மேல் விரியும். அது கிழிந்தால் மூன்று நான்கு பழஞ்சேலைகளை அடுக்கி நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டுக் கொடுப்பார்கள். வங்காளத்தில் இதைக் காந்தா என்கிறார்கள், மராட்டியத்தில் கோதடி. எங்கள் லயத்தில் இதற்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை. குளிருக்கு வேண்டியிருந்தது, தைத்தார்கள்.

சதுரங்களை இணைப்பது சிரமமாக இருக்கவில்லை. இதே பாடசாலையில், மனைப்பொருளியல் அறையின் கால்மிதி சிங்கர் மெசினில் தையல் பழகியவர்கள்தானே நாங்கள். (சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல், எங்கள் அறையிலிருந்த மெசினும் ஏறக்குறைய அந்தக் காலத்தது என்றுதான் அப்போது நம்பினோம்!) சிக்கல் அதற்குப் பிறகுதான். மேல்துணி, கம்பளி, அடித்துணி ஆகிய மூன்று படைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். சதுரங்களின் ஓரங்களை ஒட்டிப் போனாலே நெடுக்கில் ஒன்பது கோடு, குறுக்கில் ஒன்பது. ஒவ்வொன்றும் 80 அங்குலம். மொத்தம் 1,440 அங்குலம். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றால் 7,200 தையல். அதுவும் கம்பளிக்குள். வீட்டு மெசினில் ஊசிக்கும் உடம்புக்கும் இடையில் ஓரடி இடம்கூட இல்லை. அதற்குள் இந்தப் போர்வையைச் சுருட்டித் திணிக்க முயன்ற தோழி இரண்டு ஊசியை உடைத்ததுதான் மிச்சம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு யோசனை வந்தது. அங்கே நீண்ட கை மெசின் வைத்து இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்களாம். துணியை உருளைகளில் விறைப்பாகப் பூட்டிவிட்டால், தையல் தலை அதன் மேல் ஓடும். சதுர அங்குலக் கணக்கில் கூலி. எங்கள் போர்வை 6,400 சதுர அங்குலம். அங்குலத்துக்கு மூன்று சதம் என்றாலும் 192 டொலர். போக்குவரத்துத் தனி. உடனே வாட்ஸ்அப் குழுவில் எதிர்ப்பு. "காசு கொடுத்துத் தைத்தால் அது எப்படி எங்கள் போர்வை ஆகும்? கையால்தான் தைக்க வேண்டும்."

இந்த வாக்குவாதம் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1989 இல் அமெரிக்காவின் படூக்கா நகரில் நடந்த பெரிய குவில்ட் கண்காட்சியில், முதன்முறையாக மெசினில் தைத்த போர்வை ஒன்று தலைப்பரிசு பெற்றது. கேரல் பிரையர் ஃபாலர்ட் என்பவர் தைத்தது. கைத்தையல்காரர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது.

கைத்தையல் என்று முடிவாகியது. யார் கை என்று நாங்கள் யோசிக்கவில்லை. எங்களுக்கு வைத்தியசாலை, வகுப்பறை, வங்கி, பிள்ளைகள். "அம்மாமார் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் தைக்கட்டும், நினைவாகவும் இருக்கும்" என்று யாரோ எழுதினார்கள். எழுபது விருப்பக்குறி விழுந்தது. போட்டவர்களில் நாங்களும் உண்டு.

முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவிடம் போர்வை முதலில் போனது. இரண்டு வாரத்தில் நான்கு கோடு முடித்துவிட்டார். பார்க்கப் போனோம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். வைத்தியர்களாகிய நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அவருடைய மகள்தான் கேட்டாள், "ஏம்மா ரெண்டு கையால பிடிக்கிறீங்க?"

"பத்து வருசமா ராத்திரியில மூணு வெரலும் மரத்துப் போகுது புள்ள. ஊசி பிடிச்சா இன்னும் கூட. நீங்க எல்லாம் ஆசையா கேட்டீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல்ல."

மணிக்கட்டில் ஓர் ஒடுங்கிய வழியூடாக ஒரு நரம்பு உள்ளங்கைக்குப் போகிறது. அது நெரிபட்டால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும், இரவில் கூடும். ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யும் கைகளில் வரக்கூடியது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். எங்கள் படிப்புக்காகத் தேய்ந்த கைகளிடம், எங்கள் நினைவுச்சின்னத்துக்காக இன்னும் 7,200 தையல் கேட்டிருக்கிறோம். அன்றே போர்வையைத் திருப்பி எடுத்தோம். அம்மாவின் மணிக்கட்டுக்கு இரவில் பட்டி போட்டு, கிளினிக்கில் பதிந்தோம்.

பிறகு ஹட்டனில் ஒரு தையல்கார அக்காவிடம் போனோம். தோட்டத்தில் பிறந்து, கட்டுநாயக்காவில் பல வருடம் வேலை செய்து, திரும்பிவந்து இரண்டு ஜூகி மெசின் போட்டிருப்பவர். போர்வையைப் புரட்டிப் பார்த்தார். கம்பளியை முதலில் கழுவினீர்களா என்று கேட்டார். கழுவாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியைக் கோணலாக்கிவிடுமாம். நல்லவேளை, கழுவியிருந்தோம். தடித்த ஊசி, நீளத் தையல், நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும் என்றார். நான்கு நாள் வேலை என்று ஒரு தொகை சொன்னார்.

வெட்கத்தோடு சொல்கிறோம், பேரம் பேசினோம். "பாடசாலைக்குத்தானே" என்றோம். அவர் கோபப்படவில்லை.

"டொக்டர், தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு ஆயிரம் ரூபா குடுங்கன்னு நீங்களும் பேஸ்புக்ல போட்டீங்கதானே? என்னோட நாலு நாளுக்கு நீங்க எவ்வளவு போடுறீங்க?"

2021 இல் அந்த 1,000 ரூபாய் வர்த்தமானியில் வருவதற்கு முன் எத்தனை வருடம் போராட்டம் நடந்தது என்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுத்தோம். அம்மா கையால் போட்ட நான்கு கோட்டையும் அவர் பிரிக்கவில்லை. அதன் ஓரமாகவே மெசின் கோட்டை ஓட்டினார். கிட்டப் போனால் தெரியும், ஒன்று வளைந்து போகும், ஒன்று நேராகப் போகும்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர் இருக்கிறது. தோட்ட அடிமைகளின் வழிவந்த பெண்கள் அங்கே பழைய வேலை உடைகளைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002 இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டி, தைத்தவர்களின் பெயரையும் அருகில் எழுதியது. நாங்களும் அப்படிச் செய்தோம். போர்வையின் பின்பக்கம் கீழ்மூலையைத் திருப்பிப் பாருங்கள். சதுரம் கொடுத்தவர்கள், இணைத்தவர்கள், கையால் தைத்த அம்மா, மெசினில் தைத்த அக்கா என எல்லோர் பெயரும் நூலால் எழுதியிருக்கிறது.

வீட்டில் தைப்பதா, காசு கொடுத்துத் தைப்பிப்பதா என்று இனி யாராவது எங்களைக் கேட்டால், முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்போம்: வீட்டில் என்றால் யார் கை? அது உங்கள் கையாக இருந்து, உங்களுக்கு அதில் ஆசையும் நேரமும் இருந்தால் தாராளமாகத் தையுங்கள். அம்மாவின் கை என்றால், அதற்கும் கூலி இருக்கிறது. இதுவரை நாம் கொடுக்காத கூலி. வெளியில் கொடுத்தால் கேட்ட கூலியைக் கொடுங்கள், பெயரையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சதுரங்களின் மூலைகளில் நூல் முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறோம். இன்று மாலை வரை மேசையில் ஊசியும் சிவப்பு நூலும் இருக்கும். ஆளுக்கு ஒரு முடிச்சு. ஒரு நிமிட வேலை. உங்கள் கை அதில் இருக்கட்டும். அம்மாமார் முன்வரிசையில் அமர்ந்து தேநீர் குடிக்கட்டும்.