பேசினால் போதாது, படிக்கவும் வேண்டும்

(பிம்ப்ரியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரிவினையில் வீடிழந்த சிந்தி மக்கள் இந்தப் பிம்ப்ரியில் குடியேறினார்கள். 1954ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது. பின்னால் டெல்கோ வந்தது, பஜாஜ் வந்தது. வேலை தேடி நாமும் வந்தோம். அதனால்தான் இங்கே ஒரு குழாயடியில் நாலு மொழி கேட்கிறது.

நம் பிள்ளைகள் அம்மாவிடம் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் மராத்தி, கடையில் இந்தி. "இப்படிக் கலந்தால் பிள்ளைக்கு மூளை குழம்பும்" என்று நம்மில் சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் 100க்கு ஏறத்தாழ 26 பேர் இரண்டு மொழியாவது தெரிந்தவர்கள். அத்தனை பேருக்குமா மூளை குழம்பிவிட்டது?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

இதனால் நேரும் கேடு என்ன? காண்ட்ராக்டர் நீட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறோம். பெற்றது முழுச் சம்பளமா, கணக்குத் தீர்ப்பா என்பது பிறகுதான் தெரிகிறது. ரேஷன் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாய்க்காகப் பேசுகிறாள். தாயின் நோயைக் குழந்தையா டாக்டருக்கு விளக்குவது? அதே பெண்ணுக்கு ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை.

தஞ்சாவூரைப் பாருங்கள். 1670களில் சிவாஜியின் தம்பி வெங்கோஜி அங்கே ஆட்சியைப் பிடித்தார். அவரோடு மராத்தி பேசுவோரும் போனார்கள். 1855ல் அரசு போயிற்று, மொழி போகவில்லை. 300 ஆண்டு கடந்தும் அவர்கள் வழிவந்தோர் வீட்டில் மராத்தியும் வெளியில் தமிழும் பேசுகிறார்கள். அவர்களால் தமிழுக்குக் கேடு வந்ததா? இல்லை, லாவணிப் பாட்டு வந்தது! ஆனால் பல குடும்பங்களில் இன்று மராத்திப் பேச்சுதான் மிச்சம், எழுத்து இல்லை. சரஸ்வதி மகால் நூலகத்தில் முன்னோர் விட்டுப்போன மராத்திச் சுவடிகளை அவர்களால் படிக்க முடியவில்லை. நமக்கும் அந்த நிலை வரலாமா?

2020ல் வந்த சட்டம் மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கியது. அதை நாம் எதிர்க்கவில்லை. சோறு போடும் மண்ணின் மொழி நமக்கும் வேண்டும். அதே நேரத்தில், அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவையும் நினைவூட்டுகிறோம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநில அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று அது சொல்கிறது. 1956ல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. இது பிச்சையல்ல, உரிமை. மாநகராட்சியிடம் மனுக் கொடுப்போம். மராத்தித் தோழர்களின் கையெழுத்தையும் கேட்போம். தாய்மொழியின் அருமை அவர்களுக்குத் தெரியாததல்ல.

மனுவுக்குப் பதில் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து. மாலையில் பெரியவர்களுக்கு மராத்தி எழுத்து. மராத்தி வகுப்பில் நம் பிள்ளைகளே ஆசிரியர்கள். மகளிடம் பாடம் கேட்பதில் தகப்பனுக்கு வெட்கமில்லை. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வெட்கம்.

வாருங்கள் தோழர்களே, வரும் ஞாயிறே தொடங்குவோம்.