தாகம் தீர்க்க ஒரு நினைவுச்சின்னம்

நினைவுச்சின்னம் என்றால் சிலைதானா? தண்ணீராகவும் இருக்கலாம்.

லண்டனில், நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவில் ஒரு குடிநீர் மண்டபம் நிற்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைகளுக்கான விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834-ல். அதற்காக நாடாளுமன்றத்தில் போராடியவர்களில் ஒருவர் தாமஸ் பக்ஸ்டன். அந்த விடுதலையின் நினைவாக அவர் மகன் சார்லஸ் எழுப்பியதுதான் இந்த மண்டபம். முதலில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் இருந்தது. 1949-ல் அகற்றினார்கள். 1957-ல் பூங்காவில் மறுபடி நிறுவினார்கள்.

நம் ஊரில் பெரியவர் நினைவாகத் தண்ணீர்ப்பந்தல் வைப்போமே, அதே மனசு. வந்தவர் யார் என்று தண்ணீர் கேட்பதில்லை. விடுதலைக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் ஏது?

உங்கள் வீட்டுப் பெரியவர் நினைவாக, இந்தக் கோடையில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். அதுவும் நினைவுச்சின்னம்தான்.