மெல்லுகிற இனிப்பு, குடிக்கிற இனிப்பு

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தபடி வானொலி கேட்கும் ஆரணிப் பட்டு நெசவாளர்களுக்கு முதலில் ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இனிப்புக் கடைப் பலகைகளில் இப்போது புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது: வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது. நாட்டுச் சர்க்கரை லட்டு, கருப்பட்டி மைசூர்பாகு, தேனில் ஊறிய ஏதோ ஒன்று. விலை கூடுதல், வாங்குகிறவர் முகத்தில் மருந்து வாங்கிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. நம் பக்கத்துப் பெரியவர்கள் அஸ்கா என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 கலோரி. வெல்லத்தில் ஏறத்தாழ 380. வெல்லத்தின் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு வேண்டிய இரும்பை வெல்லத்திலிருந்தே எடுப்பதென்றால், அதற்குள் உடம்பில் ஏறும் சர்க்கரை அந்த நன்மையை விழுங்கிவிடும். இரும்புக்கு முருங்கைக்கீரை இருக்கிறது. வெல்லத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள், மணத்துக்காகச் சாப்பிடுங்கள். மருந்தென்று நினைத்துச் சாப்பிடாதீர்கள்.

அப்படியானால் இனிப்பையே விட்டுவிட வேண்டுமா? அதுவும் இல்லை. எந்தச் சர்க்கரை என்று கேட்பதைவிட, எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: மெல்லுகிற இனிப்பை வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கிற இனிப்பை விடுங்கள். கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. நாம் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாவற்றின் இனிப்பையும் கூட்டினாலும், ஒரு நாள் உணவின் கலோரியில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது. அந்த இருபதில் ஒரு பங்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், தறியை விட்டு எழுந்து குடிக்கும் மூன்றாவது தேநீரிலேயே அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் கடன். இத்தனைக்கும் அன்று நீங்கள் இனிப்பு என்று ஒன்றைக் கையால் தொடவே இல்லை! 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை. அது இரண்டு நிமிடத்தில் தொண்டையைத் தாண்டிவிடும், வயிறு நிறைந்ததாகவும் தோன்றாது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. பழியைத் தூக்கித் தீபாவளிப் பலகாரத்தின் மேல் போடுகிறோம். பலகாரம் வருஷத்துக்கு நாலு நாள். தேநீர் வருஷம் முழுக்க.

சரி, எதை மெல்லுவது? இங்கே நான் நடுநிலை பேசப் போவதில்லை. மல்லாட்டை உருண்டை. மற்ற ஊர்க்காரர்கள் கடலை உருண்டை என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரி நிலத்தில் விளைகிற பயிர் மல்லாட்டை. வாங்கக் காடு மேடு அலைய வேண்டாம். பருப்பில் கால் பங்கு புரதம், ஏறத்தாழ பாதி எண்ணெய். அந்தப் புரதமும் எண்ணெயும் சேர்ந்து வயிற்றிலிருந்து இனிப்பு இறங்கும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் உருண்டையின் உயிர் பருப்பில் இல்லை, பாகில் இருக்கிறது. பாகு என்பது தண்ணீரை விரட்டும் வேலை. வெல்லத்தைக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, அடுப்பில் வைத்தால் தண்ணீர் போகப் போகச் சூடு ஏறும். கம்பிப் பதம் வரும். அது லட்டுக்கு ஆகும், நமக்கு ஆகாது. இன்னும் கொதிக்க வேண்டும். 120 பாகை செல்சியஸைத் தாண்டும்போது பாகில் தண்ணீர் நூற்றில் எட்டுப் பங்கு அளவுக்கு இறங்கியிருக்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு விடுங்கள். விரலால் கூட்டினால் திரள வேண்டும். திரண்டதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். பார்த்துச் செய்கிற பதம் இல்லை, கேட்டுச் செய்கிற பதம். வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எது?

அந்தச் சத்தத்துக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தறியில் பாவு நூல் தளர்ந்தால் சேலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாகு தளர்ந்தாலும் அதே கதிதான். இளகிய பாகு பருப்பைப் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வெல்லம், இன்னும் கொஞ்சம் வெல்லம் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் வெல்லக் கட்டியில் அங்கங்கே பருப்பு பதித்த மாதிரி ஒன்று கிடைக்கும். பதம் வந்த பாகோ மெல்லிய தோல் மாதிரி ஒவ்வொரு பருப்பையும் சுற்றிப் படிந்து பற்றிக்கொள்ளும். இரண்டு பங்கு பருப்புக்கு ஒரு பங்கு வெல்லம் போதும். முறத்தில் புடைத்துத் தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்துப் போட்டால் பிடிமானம் இன்னும் கூடும். சூடு ஆறுமுன் அரிசி மாவைக் கையில் தொட்டு உருட்ட வேண்டும். கை சுடும், அதற்கு மாற்று வழி கிடையாது. இப்படி உருட்டிய 30 கிராம் உருண்டையில் வெல்லம் 10 கிராம்தான். அதாவது ஏறத்தாழ ஒரு தேநீரின் சர்க்கரை. ஒரே சர்க்கரை: ஒன்று நாலு மடக்கில் காணாமல் போகிறது, மற்றது ஐந்து நிமிடம் பல்லுக்கு வேலை கொடுக்கிறது, இரண்டாவது உருண்டையை எடுக்குமுன் யோசிக்க வைக்கிறது. மெல்லுகிற இனிப்பு தன் அளவைத் தானே சொல்லிவிடும்.

பக்கத்து ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் குற்றம். கோவா மாவுக்குள் பருப்புகளைப் பொதித்துப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கிற பண்டம். வாயில் வைத்தால் கரைகிறது. அந்தக் கரைவதுதான் அதன் புகழ், என் கட்சிக்கு அதுவே அதன் குற்றம். கல்யாணத்துக்குச் சாப்பிடுங்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்தார்கள். காய்கறியும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் பிறகு என்று சாப்பிட்ட நாளில் இரத்தச் சர்க்கரை தெளிவாகக் குறைவாகவே ஏறியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அது காட்டும் திசை உண்டு. இலையில் முதலில் இனிப்பு வைப்பது நம் வழக்கம். வைக்கட்டும். வைத்த உடனே எடுக்க வேண்டும் என்று இலை சொல்லவில்லை.

மறுப்புகள் வரும். மல்லாட்டையில் கொழுப்பாயிற்றே? கொழுப்புத்தான், அதனால்தான் ஒன்று என்கிறேன், ஒரு டப்பா என்று சொல்லவில்லை. பல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வறுத்த பருப்பையும் கொஞ்சம் வெல்லத்தையும் உரலில் சேர்த்து இடித்தால் பருப்பின் எண்ணெயிலேயே உருண்டை பிடிக்கலாம், பாகே வேண்டாம். கலோரி இல்லாத செயற்கை இனிப்பு இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? உடல் எடையைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது. நாக்கு இனிப்பின் பழக்கத்திலேயே கிடக்கும் என்பது என் மறுப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் என் பேச்சை நம்பி உருண்டையில் கை வைக்க வேண்டாம். உங்கள் மருத்துவர் தரும் கணக்கில் இந்த 10 கிராமுக்கு இடமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்குமே ஒரு எச்சரிக்கை: பூஞ்சை பிடித்த பருப்பு, கசக்கிற பருப்பு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அந்தப் பூஞ்சையின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இன்று மாலைத் தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாலு நாள் கசக்கும். கூடவே ஒரு மல்லாட்டை உருண்டையை வாங்கிக் கடித்துக்கொண்டு குடியுங்கள்.